ஆட்களுடன் உடனே வரவும்

தில்லைநாயகம் அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்தவர்கள் சங்கரன்கோவிலில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். பருத்தி மண்டியில் கணக்கெழுதும் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய துண்டுதான் உட்கார்ந்திருக்கும். அவர் டெலிபோன் மேசைக்கும் தெருவாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். காதில் ஒரு பென்சில், சட்டைப்பையில் இரண்டு, கையில் நீளமான ஒரு நோட்டு. தெருவில் அவருக்கு 'நோட்டு அண்ணாச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவர் முதலிலிருந்தே அப்படி இருந்தவரில்லை. எழுபத்து நாலு மாசி மாதம் வரைக்கும் அதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து மென்றுகொண்டு, நிதானமாக வேலை பார்த்த மனுஷன். அதன் பிறகுதான் கால் ஓரிடத்தில் தங்காமல் போயிற்று. ஏன் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவன், அந்த மண்டியில் தராசு பார்த்த ஆறுமுகச்சாமியாகிய நான். பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் உத்தேசம் எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் மண்டி டெலிபோன்தான் பாதித் தெருவுக்கு டெலிபோன். பருத்தி கொண்டுவருகிற சம்சாரிகள் எல்லோரும் எங்கள் நம்பரைத்தான் சொந்தக்காரர்களிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆளுக்கு மதுரையிலிருந்து ஒரு சேதி என்றால் எங்கள் மண்டியில்தான் மணி அடிக்கும். தில்லைநாயகம் எடுத்துக் கேட்பார், ஒரு சீட்டில் எழுதுவார். ஊருக்குத் திரும்புகிற வண்டிக்காரனிடமோ பஸ் கண்டக்டரிடமோ சீட்டைக் கொடுத்துவிடுவோம். அவசரமென்றால் எங்களில் ஒருவர் கொண்டுபோவோம்.

டெலிபோன் வருவதற்கு முன்னால் அவர் தெருவுக்கே தந்தி வாசகம் எழுதிக் கொடுத்தவர். வார்த்தை கூடக்கூடக் காசு ஏறும் என்பதால், ஒரு குடும்பத்தின் கஷ்டம் முழுவதையும் எட்டு வார்த்தைக்குள் அடக்கிவிடுவார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "வளவளன்னு எழுதவா தந்தி?" என்பார். டெலிபோன் வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. வெளியூரிலிருந்து வருகிற டிரங்கால் லைன் இரைச்சலாக இருக்குமாதலால், எதிர்முனை சொல்வதை ஒவ்வொன்றாக உரக்கத் திருப்பிச் சொல்வார். மண்டியில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும். மூன்று நிமிஷம் அப்படிக் கேட்டுவிட்டு, சீட்டில் நாலைந்து வார்த்தை எழுதுவார். நாங்கள் அசந்து போவோம். எதை விட்டார் என்று யாரும் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் சாவைக் காகிதத்தில் எழுத மாட்டார்கள். செத்துப்போனார் என்று டெலிபோனில் சொன்னாலும் சீட்டில் 'சீரியஸ்' என்றுதான் இருக்கும். கொண்டுபோகிறவன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். வீட்டார் புரிந்துகொள்வார்கள். ஒரேயடியாகத் தலையில் போடக்கூடாதே என்கிற நல்ல எண்ணம்தான். நானே அப்படிப் பதினேழோ பதினெட்டோ சீட்டு கொண்டுபோயிருக்கிறேன். அந்த 'சீரியஸ்' ஆட்களில் ஒருவர்கூட உயிரோடு இருந்ததில்லை.

அன்றைக்கு மாசி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. பருத்தி வரத்து அதிகமாகிற நேரம். வாசல் வரைக்கும் மூட்டை. காலையில் மணி அடித்தது. அண்ணாச்சி எடுத்து வழக்கம்போல உரக்கப் பேசினார். நான் பத்தடி தூரத்தில் தராசில் நின்றேன்.

"யாரு, உச்சிமாகாளியா? சொல்லும்… திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலயா… ரத்தம் நெறையப் போயிட்டா… உம்ம ரத்தம் சேரலைன்னுட்டாவளா… சரி, ரத்தம் குடுக்க ரெண்டு ஆளு வேணும்… மாப்பிள்ளைய கையோட வரச் சொல்லணும்… அவுக வந்துட்டாவளா வந்துட்டாவளான்னு கேட்டுக்கிட்டே கெடக்காளா… பிள்ளை நல்லாருக்கா, பொம்பளப் பிள்ளையா… சரி, சொல்லிவிடுதேன்."

உச்சிமாகாளி மானூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய தங்கை வள்ளித்தாயைப் பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் சங்கரசுப்பு என்கிற ஆட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. கொஞ்சம் பருத்தியும் போடுவார், எங்கள் மண்டிக்குத்தான் கொண்டுவருவார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள் வள்ளித்தாய். அண்ணன் ஒருத்தன்தான் அவளுக்குத் துணை. அதனால்தான் ஆள் பலம் உள்ள மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டுச் சீட்டு எழுதினார். வாசலில் வண்டிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதிய சீட்டை என் பக்கம் நீட்டினார். "ஆறுமுகம், அடுத்த பஸ்ஸைப் பிடியும்வே. சங்கரசுப்பு கையில குடுத்துரும்."

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: வள்ளித்தாய் சீரியஸ். ஆட்களுடன் உடனே வரவும்.

நான் கேட்டிருந்தேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை. அவர் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. ஆனால் எடைக்கல்லைத் தூக்கி வைக்கிற கவனத்தில் மனசில் நிற்கவில்லை. சீட்டைப் பார்த்ததும் கேட்டதெல்லாம் போய்விட்டது. எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சேதி என்று பழகியிருந்தோம். பனவடலிசத்திரத்தில் இறங்கி இரண்டு மைல் நடந்து பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சங்கரசுப்பு ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன்.

அவருடைய அம்மா மாடத்தி வந்து என் முகத்தையே பார்த்தாள். "ஏய்யா, மருமவளுக்கு உசுரு இருக்கா?"

"சீரியஸ்னுதான் எழுதியிருக்கு" என்றேன். என் தலை தானாகக் குனிந்துவிட்டது. அத்தனை தடவை குனிந்த தலை. கிழவி மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்களுடன் வரச் சொல்லியிருக்கிறது என்றால் பிணத்தைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்று அர்த்தம். பக்கத்து ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வரவேண்டிய பங்காளிகள் வந்து சேர வேண்டும், லாரி பேச வேண்டும், கோடிச்சேலை எடுக்க வேண்டும். நான் பனவடலிசத்திரத்துக்குத் திரும்பி வரும்போது திருநெல்வேலி பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. பாதிக்குமேல் காலியாக இருந்தது. சங்கரசுப்பு அதில் ஏறியிருந்தால் மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அவர்கள் லாரியில் போய்ச் சேரும்போது மணி ஆறரை. வள்ளித்தாய் ஐந்து மணி வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறாள். மொத்தம் இருபத்து மூன்று பேர் போனார்கள். இருபத்து மூன்று பேர் உடம்பிலும் ரத்தம் இருந்தது.

விஷயம் பதினாறாம் நாள் காரியத்தில் வெடித்தது. "நான் விவரமாச் சொல்லியும் நீங்க சாவகாசமா வந்தீங்க" என்றார் உச்சிமாகாளி. "நீரு ஒண்ணுமே சொல்லல, ரத்தத்துக்கு வழி பண்ணத் தெரியாம இப்பக் கதை கட்டுதீரு" என்றார் சங்கரசுப்பு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து மறுநாளே மண்டிக்கு வந்துவிட்டார்கள். எங்கள் முதலாளியும் எழுந்து வந்து நின்றார்.

"அண்ணாச்சியவே கேளுங்க. நான் என்னென்ன சொன்னேன்னு அவுகளுக்குத் தெரியும்" என்றார் உச்சிமாகாளி. அவர் குரலில் சந்தேகமே இல்லை. அண்ணாச்சியை அவ்வளவு நம்பியிருந்தார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சீட்டுல என்ன இருக்கோ, அதுதான் அவரு சொன்னது" என்றார்.

நான் தராசுப் பக்கம் திரும்பி, நேராக இருந்த கல்லை இன்னும் நேராக்கினேன்.

உச்சிமாகாளி சத்தம் போடவில்லை. "சரி அண்ணாச்சி. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. பிறந்த பிள்ளையைக்கூட உச்சிமாகாளி கண்ணில் காட்ட மறுத்துவிட்டார் சங்கரசுப்பு.

அன்று மத்தியானம் அண்ணாச்சி கடைக்குப் போய் நீளமான நோட்டு ஒன்று வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் நிறைய நேரம் எழுதினார். அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். மாசி ஒன்பதில் டெலிபோனில் வந்த பேச்சு முழுவதும் இருந்தது, ஒரு சொல் விடாமல். அப்படியானால் எல்லாமே அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, என் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதிலிருந்துதான் அவர் எழுதுகிற விதமே மாறியது. எதிர்முனை சொல்வதை இடப்பக்கத்தில் சொன்னபடியே எழுதுவார். "சாமி சத்தியமா" என்று சொன்னால் சாமி சத்தியமும் நோட்டில் ஏறும். மணி, பேசிய ஆள், எங்கிருந்து பேசினார் எல்லாம் இருக்கும். வலப்பக்கத்தில் அவர் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும். பதில் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதி அடியில் கோடு போடுவார். எழுதியதை எதிர்முனைக்கு வாசித்துக் காட்டாமல் ரிசீவரை வைக்க மாட்டார். எக்ஸ்சேஞ்சில் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்று சொல்லச் சொல்ல இவர் வாசித்துக்கொண்டிருப்பார். பிறகு சீட்டை யார் கொண்டுபோனார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்பதையும் கேட்டு எழுதினால்தான் அந்தப் பக்கம் முடியும்.

'சீரியஸ்' என்கிற வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் போயிற்று. "உசுரு இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்" என்பார். எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். "என்ன மனுசன்வே நீரு, வாயில நல்ல வார்த்த வராதா?" என்று ஒரு பெரியவர் ரிசீவரிலேயே காறித் துப்பினார். அதையும் மணி போட்டு எழுதிக்கொண்டார். ஆனால் ராயகிரிக்காரர் ஒருவரால் அந்தக் கேள்வி இருந்ததனால்தான் அப்பாவுக்குக் கடைசி வாய் தண்ணீர் கொடுக்க முடிந்தது. 'உயிர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, உன்னைக் கேட்கிறார்' என்று சீட்டில் இருந்ததும், உடுத்திய துணியோடு பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து அண்ணாச்சி காலில் விழப் போனார். அண்ணாச்சி ஏதோ நெருப்பு வந்த மாதிரி பின்னால் நகர்ந்து, வாசல் பக்கம் போய்விட்டார்.

கிண்டலுக்கும் குறைவில்லை. துண்டு வியாபாரம் பார்த்த யாகூப் பாய்க்கு வந்த ஒரு சேதியில், 'சரி என்று மூன்று தடவை சொன்னார், மூன்றாவது சரி மனசில்லாமல்' என்று எழுதிக் கொடுத்தார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரம் அந்த வியாபாரம் நின்றுபோனதும், "அண்ணாச்சி, அந்த மூணாவது சரிய நான் மதிச்சிருக்கணும்" என்று வந்து நின்றார். வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி சண்முகசுந்தரி அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "உப்பு தீந்துபோச்சுன்னு சொன்னா அதையும் எழுதிக்கிடுதாவ. டாக்டர் மாத்திரை சொன்னா, அவரையே நிறுத்தி வாசிச்சுக் காட்டுதாவ. தூக்கத்துல எந்திரிச்சு நடக்காவ. என்னதான்யா நடந்துது மண்டியில?" நான் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அந்தப் பொய்யை எழுதிவைக்க ஆளில்லாததால் தப்பித்தேன்.

எல்லாவற்றிலும் கொடுமை சங்கரசுப்புதான். அவருக்கு எங்கள் மேல் கோபம் இல்லை. அண்ணாச்சி சாட்சி சொல்லித்தானே மச்சினனின் பொய் தெரிந்தது என்கிற நன்றி. ஒவ்வொரு தை மாதமும் பனங்கிழங்குக் கட்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். "அண்ணாச்சி மட்டும் இல்லேன்னா அந்தப் பய பேச்ச நம்பியிருப்பேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அண்ணாச்சி முகம் வெளிறிப்போகும். சங்கரசுப்பு போனதும் கட்டை அப்படியே என்னிடம் தள்ளிவிடுவார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துத் தின்றேன். ஒன்றிரண்டு வருஷம் இல்லை, பன்னிரண்டு வருஷம்.

மாசி பிறந்தால் அண்ணாச்சிக்கு இன்னும் மோசம். பழைய நோட்டுகளுக்கு அடியிலிருந்து அந்த முதல் நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவார். திருநெல்வேலி பஸ் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்துவிடுவார். ஒரு தடவை நானே கேட்டேன். "அண்ணாச்சி, அதச் சொல்லிரலாம்லா?"

"என்னத்த?"

"மொத நோட்டுல மொதப் பக்கத்த."

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "நீரும் கேட்டீருல்லாவே. நீரு போய்ச் சொல்லும்."

நான் தராசுக்குத் திரும்பினேன். அவர் மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எண்பத்தாறு மாசியில் ஒருநாள் காலை சங்கரசுப்பு வந்தார். இந்தத் தடவை கிழங்கு இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தார். பிள்ளை கோமதித்தாய் பெரியவளாகிவிட்டாள், வெள்ளிக்கிழமை சடங்கு வைத்திருக்கிறது என்றார். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் குரலை இறக்கினார்.

"தாய்மாமன் சேலை குடுக்கணும்லா அண்ணாச்சி. அதுக்குத்தான் ஆளில்ல. பிள்ளை வேற, எனக்கு மாமன் இருக்காவளாமே, ஏன் வரமாட்டாவன்னு கேக்கா. அந்தப் பய என் வாசல்ல காலு வைக்கக்கூடாது. சேலைய நாங்களே எடுத்து வச்சிட்டோம். பெரிய மனுசரு நீங்க வந்து மாமன் எடத்துல நின்னு ஒரு கை தொட்டுக் குடுத்தாப் போதும். ஊர்ல எல்லாரும் அதான் சரிங்காவ."

அண்ணாச்சி வாசல் பக்கம் நாலடி போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அப்புறம் நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மேசையின் அடித்தட்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். அதுவரை எந்த நோட்டிலிருந்தும் ஒரு தாளைக்கூட அவர் கிழித்ததில்லை. முதல் தாளைக் கிழித்து நீட்டினார்.

"எனக்கு எங்க அண்ணாச்சி வாசிக்கத் தெரியும்" என்றார் சங்கரசுப்பு.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஆறுமுகம், நீரு வாசியும். ஒண்ணையும் விட்டுராதேயும்."

வாசித்தேன். அதில் இருந்தது இது:

'எழுபத்து நாலு மாசி ஒன்பது, வியாழன், காலை பத்து நாற்பது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து உச்சிமாகாளி பேசினார். சொன்னது: தங்கச்சிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. என் ரத்தம் சேரவில்லை என்றுவிட்டார்கள். ரத்தம் கொடுக்க இரண்டு ஆள் வேண்டும். மாப்பிள்ளையைக் கையோடு வரச் சொல்லுங்கள். அவுக வந்துட்டாவளா வந்துட்டாவளா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறாள். பெண்பிள்ளை, நன்றாக இருக்கிறது. இவ்வளவும் சொன்னார். நான் எழுதியது: வள்ளித்தாய் சீரியஸ், ஆட்களுடன் உடனே வரவும். பிற்பாடு கேட்டபோது, இதுதான் அவர் சொன்னது என்றேன். அது பொய். உச்சிமாகாளி சொன்னதுதான் உண்மை. தில்லைநாயகம்.'

வள்ளித்தாய் கேட்டது வருகிற இடத்தில் நிறுத்தினேன். விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விடாமல் வாசித்தேன். முடித்துவிட்டு, "நானும் அன்னைக்குக் கேட்டேன். நானும் சொல்லல" என்றேன்.

சங்கரசுப்பு ஒரு பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டு மடியில் இருந்தது. வாசலில் ஒரு வண்டிக்காரன் வந்து நின்று, யாரும் கவனிக்காததால் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கினான்.

"அவ கேட்டத இன்னொரு மட்டம் வாசியும்" என்றார்.

வாசித்தேன்.

"நான் ஊர்ல லாரிக்கு நிக்கேன். அவ அங்கன என்னத் தேடிக்கிட்டுக் கெடந்திருக்கா." அவர் எங்களிடம் சொல்லவில்லை. பிறகு அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் அந்த வார்த்தையை விட்டுவிட்டார். "உமக்கு நான் பன்னெண்டு வருசம் கெழங்கு சொமந்தேன்வே. ஒரு வருசமாவது வாயத் தொறந்திருக்கலாம்லா?"

"பயந்துட்டேன்" என்றார் அண்ணாச்சி. "மொத நாளு பயந்தேன். பொறவு ஒவ்வொரு நாளும் முந்தின நாளுக்காகப் பயந்தேன். ஒமக்குப் பண்ணினதும் உச்சிமாகாளிக்குப் பண்ணினதும் பாவம். வேற சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல."

சங்கரசுப்பு அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் எனக்கும் ஒன்று கிடைக்கட்டும் என்றுதான் பக்கத்தில் நின்றேன். அவர் எழுந்து மேசைக்கு வந்தார். "உம்ம மொகத்துல முழிக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா எழுதத் தெரிஞ்சவரு நீருதான். எழுதும்."

"யாருக்கு?"

"மச்சானுக்கு. நான் சொல்லுதது பூராவும் வரணும். உம்ம புத்திக்குத் தேவையில்லன்னு பட்டதும் வரணும்."

அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சங்கரசுப்பு மெதுவாகச் சொன்னார், ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து சொன்னார்.

"மச்சானுக்கு, சங்கரசுப்பு சொல்லிக்கிடுதது. நீரு அன்னைக்கு டெலிபோன்ல சொன்னது பூரா எனக்கு இன்னைக்குத்தான் வந்து சேந்துது. ரத்தம் கேட்டதும் வந்துட்டு. அவ என்னக் கேட்டதும் வந்துட்டு. நான் ஒம்மப் பொய்யன்னு சொன்னது தப்பு. பிள்ளை பெரியவளாயிட்டா. ஒம்ம தங்கச்சி சாடை அப்படியே இருக்கு. மாமன எங்கன்னு கேக்கா. வெள்ளிக்கெழம சடங்கு. நீரு வராம பிள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆட்களோட ஒடனே வாரும்."

பென்சில் நின்றுவிட்டது. அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை.

"எழுதும்வே" என்றார் சங்கரசுப்பு.

எழுதினார். எழுதியதை முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். ஒரு வார்த்தையைக்கூட முழுங்கவில்லை. "ஏதும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க ரெண்டு பேருமே கொண்டுட்டுப் போங்க. அவருக்கு ரெண்டு தாளையும் வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே மானூர்ப் பக்கம் போனோம். பஸ்ஸில் அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், கால் ஆடிக்கொண்டே இருந்தது. உச்சிமாகாளி நரைத்துப்போயிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. நான் தலையைக் குனியாமல் நின்று இரண்டு தாளையும் வாசித்தேன். கேட்டு முடித்ததும் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார். கடைசி பஸ் போய்விடுமே என்று பார்க்கிற வரைக்கும் நின்றோம். கதவு திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி மண்டியில் நடந்த நடைக்குக் கணக்கில்லை. வாசல் வரை போவார், டெலிபோனைப் பார்ப்பார், திரும்புவார். எனக்கும் எடை இரண்டு தடவை தப்பிற்று. பத்து மணி தாண்டி மணி அடித்தது. பனவடலிசத்திரத்திலிருந்து டிரங்கால். அண்ணாச்சி எடுத்தார். பழக்கத்தில் உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"சங்கரசுப்பா… ஆமா, நான்தான்… சரி, எழுதிக்கிடுதேன்… மச்சான் வந்துட்டாரு… லாரியிலயா… சேலை கொண்டாந்திருக்காரு… சரி. எத்தன பேரு? …சரி. வாசிச்சுக் காட்டுதேன், இரும்." ஆனால் அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். நான் தராசை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

'காலை பத்து பன்னிரண்டு. சங்கரசுப்பு பேசினார். உச்சிமாகாளி ஆட்களுடன் வந்துவிட்டார். முப்பத்தொரு பேர்.'